ஈறு விடுக்கும் எச்சரிக்கை

காலையில் பல் துலக்கி வாய் கொப்புளிக்கும்போது நீரில் இளஞ்சிவப்பு நிறம் கலந்திருப்பதைக் கண்டறியாதவர் நம் நாட்டில் மிகச் சிலரே. கையில் சிறு கீறல் ஏற்பட்டு ஒரு துளி இரத்தம் கசிந்தாலும் அதைக் கழுவி மருந்திடுகிறோம். கண்ணில் இரத்தம் கட்டினால் அன்றே மருத்துவரிடம் விரைகிறோம். ஆனால், ஈறுகளிலிருந்து நாள்தோறும் இரத்தம் கசிவதை மட்டும் இயல்பான நிகழ்ச்சியாகக் கருதி, ஒரு குவளை நீரூற்றி மறந்துவிடுகிறோம். அறியாமை மட்டுமே இதற்குக் காரணம் அன்று. வலி இல்லாமையே முதற்காரணம். வலிக்காத நோயையும் நோயாகக் கருதும் பழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

இக்கட்டுரையாசிரியர் பொருளாதாரம் பயின்றவர், மருத்துவர் அல்லர். எனினும், இப்பொருள் குறித்து எழுத அவருக்கு ஒரு தகுதி உண்டு. ஏறத்தாழ நாற்பது வயதில் தம் ஈறுகளில் இரத்தம் கசிவதை அவர் முதன்முதலாகக் கண்டார். பிரஷ் கடினமானது என்று எண்ணி அதை மாற்றினார். பின்னர்ப் பற்பசையை மாற்றினார். சில நாள்கள் உப்புநீரால் வாய் கொப்புளித்தார். இறுதியில், இரத்தம் வரும் இடத்தைப் பிரஷ் தீண்டாமல் விட்டுவிட்டார். பதினோர் ஆண்டுகள் கழிந்தபின், அலுவல் சுற்றுப்பயணத்தின்போது ஒரு நாள் காலை உணவு கொள்கையில், கீழ்த்தாடையின் முன்பல் ஒன்று அசைந்தது. ஊர் திரும்பியதும் பல் மருத்துவரை நாடினார். "எப்போதிலிருந்து வலிக்கிறது?" என்று மருத்துவர் கேட்கவில்லை. "முதன்முதலில் இரத்தம் எப்போது வந்தது?" என்றே கேட்டார். அந்த வினாவுக்கு அளித்த விடையே, பின்னர் நான்கு பற்களை இழக்க நேர்ந்தமைக்கும் விளக்கமாக அமைந்தது. அந்தப் பதினோர் ஆண்டுகளில் பல்வலிக்காக அவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை.

இந்நோயின் இயல்பு இதுதான்: இரத்தம் முதலில் வருகிறது; வலி கடைசியில் வருகிறது. முதல் அறிகுறியின்போது சிகிச்சை எளிது, செலவு சிறிது, பயன் முழுமையானது. கடைசி அறிகுறியின்போது சிகிச்சை கடினம், செலவு பெரிது, பயனோ அரைகுறையானது. ஆகவே, ஈற்றில் இரத்தம் ஏன் வருகிறது, அது வந்தால் எத்தனை நாள் பொறுக்கலாம், எப்போது மருத்துவரை நாடவேண்டும் என்பனவற்றை அறிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்றியமையாதது.

நோயின் பரப்பு

உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட வாய்நலம் குறித்த அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்கள் ஏதேனும் ஒரு வாய்நோயால் பீடிக்கப்பட்டுள்ளனர். அவர்களுள், பற்கள் ஆட்டம் காணும் அளவுக்கு முற்றக்கூடிய கடுமையான ஈறு நோய்க்கு ஆளானோர் 100 கோடிக்கு மேற்பட்டவர். இந்தியாவில், பல் மருத்துவக் கழகம் 2002-03-ஆம் ஆண்டுகளில் நாடு தழுவிய வாய்நலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. அதன்படி 12 வயதுச் சிறாரில் 57 சதவீதத்தினரிடமும், 15 வயதினரில் 67.7 சதவீதத்தினரிடமும், 35 முதல் 44 வயது வரையினரில் 89.6 சதவீதத்தினரிடமும் ஈறு நோயின் அடையாளங்கள் காணப்பட்டன.

இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, இவற்றில் இலேசான இரத்தக் கசிவு முதல் எலும்பைத் தொட்ட நோய் வரை எல்லா நிலைகளும் அடங்கும். எல்லோரும் பற்களை இழக்கப் போகிறவர்கள் என்பது பொருளன்று. இரண்டாவது, நோய் பன்னிரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது; அதன் விளைவோ நாற்பது, ஐம்பது வயதில்தான் வெளிப்படுகிறது. இடையிலுள்ள முப்பது ஆண்டுகளும் நோயைத் தடுக்க நமக்குக் கிடைக்கும் அவகாசமாகும். அந்த அவகாசத்தை நாம் பெரும்பாலும் வீணடிக்கிறோம்.

இரத்தம் ஏன் வருகிறது?

பல் தாடை எலும்பில் நேரடியாகப் பதிந்திருக்கவில்லை. நுண்ணிய நார்கள் அதன் வேரை எலும்புடன் பிணைத்துத் தாங்குகின்றன. இப்பிணைப்பை மூடிக் காப்பது ஈறு. ஈற்றின் விளிம்புக்கும் பல்லுக்கும் இடையே ஒரு சிறு பள்ளம் உண்டு. நலமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

பல்லைத் துலக்கிய சில மணி நேரத்திலேயே அதன்மீது கண்ணுக்குப் புலப்படாத ஒரு படலம் உருவாகத் தொடங்குகிறது. இதில் அடங்கியிருப்பவை பெரும்பாலும் கிருமிகளே. மருத்துவர்கள் இதனைப் பிளாக் என்பர். இங்குப் பற்படலம் என்று குறிப்பிடுவோம். இப்படலம் ஈற்றின் விளிம்பில் தேங்கினால், கிருமிகளை எதிர்க்க உடல் தன் பாதுகாப்புப் படையை அவ்விடத்துக்கு அனுப்புகிறது. இரத்த நாளங்கள் விரிவடைகின்றன. ஈறு சிவந்து வீங்குகிறது. பள்ளத்தின் உட்புறத் தோல் மெலிந்து புண்ணாகிறது. இந்நிலையில் பிரஷ் பட்டாலும், கரும்பைக் கடித்தாலும் இரத்தம் கசிகிறது. இதுவே ஈற்றழற்சி. பிரஷ் இங்குக் குற்றவாளி அன்று; ஏற்கெனவே உள்ள புண்ணைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி மட்டுமே.

இந்த உண்மையை ஐயமற நிறுவியது, டென்மார்க் நாட்டின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் நடத்தி 1965-இல் வெளியிட்ட ஆய்வு. நலமான ஈறுகளைக் கொண்ட 12 பேர் பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். 10 முதல் 21 நாள்களுக்குள் பன்னிருவருக்கும் ஈற்றழற்சி தோன்றியது. ஒருவர்கூட விதிவிலக்காக இல்லை. பின்னர், அவர்கள் மீண்டும் பல் துலக்கத் தொடங்கினர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நலத்தை அடைந்தன. மருந்தோ, மாத்திரையோ, ஊசியோ தேவைப்படவில்லை.

இந்த ஆய்விலிருந்து இரண்டு முடிவுகளைப் பெறுகிறோம். ஈற்றழற்சிக்குத் தலையாய காரணம் பற்படலமே என்பது ஒன்று. தொடக்க நிலையில் நோயாளியே தம் கையால் அதனை முழுமையாகத் தீர்த்துக்கொள்ள முடியும் என்பது மற்றொன்று. இவ்வளவு மலிவாகத் தீரும் நோய்கள் மிகச் சிலவே.

புறக்கணித்தால் என்ன நேரும்?

அகற்றப்படாத பற்படலத்தில், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்பு முதலிய உப்புகள் படிந்து நாளடைவில் அது கல்லாக இறுகுகிறது. இதுவே பற்காரை. பற்காரையைப் பிரஷினால் அகற்ற இயலாது. பல் மருத்துவர் தக்க கருவி கொண்டே அகற்ற வேண்டும். அதன் சொரசொரப்பான பரப்பு மேலும் கிருமிகள் தங்க இடமளிக்கிறது. சிலரிடம் அழற்சி மெல்ல மெல்லக் கீழிறங்கி, பல்லைத் தாங்கும் நார்களையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. 3 மில்லிமீட்டருக்கு மேற்படாத பள்ளம் 4, 5, 6 மில்லிமீட்டர் என ஆழ்ந்து, பையாக மாறுகிறது. அந்த ஆழத்துக்குப் பிரஷ் எட்டாது. எலும்பு குறையக் குறையப் பல் நீண்டது போலத் தோன்றும், பின்னர் இடம் பெயரும், பின்னர் அசையும். ஒருமுறை இழந்த எலும்பு தானாக வளர்வதில்லை. மேற்கொண்டு இழப்பு நேராமல் தடுப்பதே சிகிச்சையின் முதன்மையான பயனாகும்.

இந்த மாற்றம் எல்லோரிடத்தும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. இதனைத் தெளிவாக்கியது இலங்கையில் நடந்த ஒரு நெடுங்கால ஆய்வு. பல் துலக்கும் வழக்கமோ, பல் மருத்துவ வசதியோ இல்லாதிருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை, மேற்சொன்ன லோ குழுவினர் 1970-ஆம் ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 1986-இல் வெளியான முடிவுகளின்படி, ஏறத்தாழ எல்லோரிடமும் ஈற்றழற்சி இருந்தது. எனினும், அவர்களுள் 8 சதவீதத்தினரிடம் நோய் விரைந்து முற்றியது. 81 சதவீதத்தினரிடம் மிதமான வேகத்தில் முற்றியது. எஞ்சிய 11 சதவீதத்தினரிடம் ஈற்றழற்சியைக் கடந்து செல்லவில்லை. விரைந்து முற்றியவர்கள் நடுத்தர வயதிலேயே தம் பற்களில் பெரும்பாலானவற்றை இழந்தனர்.

'என் தாத்தா பல் துலக்காமலே எண்பது வயது வரை முறுக்குக் கடித்தார்' என்று கூறுவோர் உண்டு. அவர் அந்த 11 சதவீதத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். ஆனால், தாம் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதைக் கண்ணாடியைப் பார்த்து எவரும் அறிய முடியாது. அதனை அறியப் பரிசோதனை வேண்டும்.

நோயை வளர்க்கும் பிற காரணங்கள்

பற்படலமே அடிப்படைக் காரணம் எனினும், அதன் தீமையை மிகுவிக்கும் வேறு காரணங்களும், பற்படலத்துக்குத் தொடர்பின்றியே ஈற்றில் இரத்தம் வரச் செய்யும் நோய்களும் உள்ளன.

1. புகையிலை: 2016-17-ஆம் ஆண்டின் தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினர் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்தினர். புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 21.4 சதவீதத்தினர். புகையிலை ஈறு நோயை விரைவுபடுத்துகிறது. அதைவிடக் கொடியது, புகைப்பவரிடம் அது நோயை மறைக்கவும் செய்கிறது என்பது. புகைப்பவரின் ஈற்றில் இரத்தக் கசிவு குறைவாகவே தோன்றும். ஆனால், உள்ளே எலும்பு அழிந்துகொண்டிருக்கும். எனவே, புகைப்பவர் 'எனக்கு இரத்தம் வருவதில்லை' என்று ஆறுதல் கொள்ளுதல் கூடாது. மகாராஷ்டிரத்தில் மிஷ்ரி, பீகாரில் குல், சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் குடாக்கு என்ற பெயர்களில் புகையிலைப் பொருள்களையே பற்பொடி போல ஈற்றில் தேய்க்கும் வழக்கம், குறிப்பாகப் பெண்களிடையே, உள்ளது. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மைய அரசு 1992-ஆம் ஆண்டில் தடை செய்தது. எனினும், பழக்கம் சட்டத்துக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. பல்லைத் தூய்மை செய்வதாக நம்பியே பல்லுக்கும் வாய்க்கும் கேடு விளைவித்துக்கொள்ளும் அவலம் இது.

2. நீரிழிவு: 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையோர் என மதிப்பிட்டது. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு ஈறு நோயைத் தீவிரமாக்கும். ஈறு நோயும் தன் பங்குக்கு இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். ஈற்றுக்குச் சிகிச்சை அளிக்கும்போது சர்க்கரை அளவும் ஓரளவு சீரடைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. தமக்கு நீரிழிவு இருப்பதை இக்கட்டுரையாசிரியர் முதன்முதலாக அறிந்ததே, பல் மருத்துவர் பணித்த இரத்தப் பரிசோதனையின் வாயிலாகத்தான்.

3. கருவுற்ற காலம்: இக்காலத்தில் உடலில் நிகழும் சுரப்பு மாற்றங்களால், சிறிதளவு பற்படலத்துக்கும் ஈறு மிகுதியாக வீங்கி இரத்தம் கசியும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் இது தணியும். ஆயினும், கருவுற்றோர் பல் துலக்குவதை நிறுத்தலாகாது. கருவுற்ற காலத்தில் பல் மருத்துவரிடம் செல்லக்கூடாது என்பது தவறான எண்ணம். ஈறுகளைத் தூய்மை செய்யும் சிகிச்சை பாதுகாப்பானதே. இடைப்பட்ட மூன்று மாதங்கள் அதற்கு மிக ஏற்றவை.

4. மருந்துகள்: இதய நோய்க்காகத் தரப்படும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துவதால் ஈற்றுக் கசிவு மிகலாம். வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாயின், இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் நிஃபெடிபின், அம்லோடிபின் ஆகியவை சிலரிடம் ஈறு தடித்து வளரச் செய்யும். இவற்றுள் எதனையும் நோயாளி தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. ஈற்றில் சில துளி இரத்தம் வருகிறதென்று இதய மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

5. உயிர்ச்சத்துக் குறைவு: வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி இரத்தம் வடியும். 1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், இந்நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துச் சோதித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் தேறினர். இந்தச் செய்தி பலருக்கும் தெரிந்திருப்பதால், ஈற்றில் இரத்தம் கண்டவுடன் வைட்டமின் மாத்திரை வாங்கி உண்போர் பலர். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, கீரை ஆகியவற்றை உண்பது எல்லோருக்கும் நல்லதே. ஆனால், இன்று ஸ்கர்வி அரிது. பற்காரையால் வரும் கசிவை எந்த மாத்திரையும் நிறுத்தாது.

6. இரத்தம் சார்ந்த நோய்கள்: டெங்குக் காய்ச்சல், இரத்தத் தட்டணுக் குறைவு, இரத்தப் புற்றுநோய், முற்றிய கல்லீரல் நோய், பிறவியிலேயே இரத்தம் உறையாத ஹீமோபிலியா ஆகியவற்றிலும் ஈற்றில் இரத்தம் வரும். இவற்றில் பெரும்பாலும் பல் துலக்காமலே, தானாக இரத்தம் வடியும்; உடலின் வேறிடங்களிலும் அடையாளங்கள் இருக்கும். இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்ளுதல் உயிர்காக்க உதவும்.

களைய வேண்டிய தவறான எண்ணங்கள்

'இரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படக்கூடாது' என்பது மிகப் பரவலான தவறு. இரத்தம் வரும் இடமே தூய்மை மிகவும் தேவைப்படும் இடம். மென்மையான பிரஷைக் கொண்டு அங்கே பொறுமையாகத் துலக்க வேண்டும். சில நாள்களில் கசிவு குறைவதைக் காணலாம்.

'காரையை எடுத்தால் பல் ஆட்டம் காணும்' என்பது மற்றொன்று. எலும்பை இழந்த பல்லைச் சுற்றிக் காரை படிந்து, அதனை அசையாமல் பிடித்திருக்கலாம். காரையை நீக்கியதும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது, புதிதாக உண்டாவதில்லை. காரையை நீக்காது விடுவது, விழும் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது.

செங்கற்பொடி, அடுப்புக்கரி, மணல் ஆகியவை பல்லை வெண்மையாக்கும் என்பது மூன்றாவது. இவை பல்லைத் தேய்க்கும், ஈற்றைக் கீறும். வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் இகழத்தக்கவை அல்ல. நுனியை மென்று மென்மையாக்கி நிதானமாகப் பயன்படுத்தினால் அவையும் படலத்தை அகற்றும். ஆயினும், பல்லின் உட்புறமும் பல்லிடுக்கும் தூய்மையடைகின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

'முதுமையில் பல் விழுவது இயற்கை' என்பது நான்காவது. முதுமையில் நோய் சேர்வதால்தான் பல் விழுகிறது. நோயைத் தவிர்த்தவரின் பற்கள் ஆயுள் முழுவதும் நிலைக்கக்கூடும்.

இரண்டு வாரச் சோதனை

வீட்டிலேயே எவரும் செய்துகொள்ளத்தக்க ஒரு சோதனை உண்டு. மென்மையான பிரஷைக் கொண்டு, நாள்தோறும் காலையிலும் இரவு படுக்குமுன்னும் இரண்டிரண்டு நிமிடங்கள் துலக்க வேண்டும். பிரஷை ஈற்றின் விளிம்பை நோக்கிச் சாய்த்துப் பிடித்து, சிறு அசைவுகளாகத் துலக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தல் கூடாது. பல்லிடுக்குகளை அதற்குரிய நூலாலோ சிறு பிரஷாலோ நாள்தோறும் ஒருமுறை தூய்மை செய்ய வேண்டும். இழைகள் விரிந்த பிரஷை மாற்றிவிட வேண்டும். எப்படியும் மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை புதியது வேண்டும்.

இவ்வாறு இரண்டு வாரங்கள் செய்தபின் இரத்தம் நின்றுவிட்டால், அது தொடக்க நிலை ஈற்றழற்சியாக இருந்திருக்கலாம். பழக்கத்தைத் தொடர வேண்டும். நிற்கவில்லையெனில், பிரஷ் எட்டாத ஏதோ ஒன்று அங்கு உள்ளது என்பது பொருள். அதற்குமேல் காத்திருத்தல் கூடாது.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

இரண்டு வாரக் காலம் என்பது வேறு அறிகுறிகள் இல்லாதவர்க்கே பொருந்தும். பின்வரும் நிலைகளில் அவ்வளவு நாள்களும் பொறுக்கலாகாது.

உடனே, அதே நாளில், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர்: காய்ச்சலுடன் ஈற்றில் இரத்தம் வருவோர், தோலில் சிவப்புப் புள்ளிகளோ, காரணமின்றிக் கன்றிய கருநீலத் திட்டுகளோ உடையோர், மூக்கிலும் இரத்தம் வருவோர், அழுத்திப் பிடித்தும் நிற்காத அளவுக்கு இரத்தம் வடிவோர், முகமோ கழுத்தோ வீங்கி விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்படுவோர். டெங்கு என ஐயுறும் காய்ச்சலில் ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளுதல் கூடாது.

சில நாள்களுக்குள் பல் மருத்துவரை நாட வேண்டியவர்: பல் அசைவதையோ இடம் பெயர்வதையோ உணர்வோர், ஈற்றில் சீழ் அல்லது கட்டி கண்டோர், ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர் தெரிவோர், நீங்காத வாய் நாற்றம் உடையோர், நீரிழிவு உடையோர், கருவுற்றோர். வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். புகையிலை பழகியோர் இதில் சிறிதும் தாமதித்தலாகாது.

அறிகுறி எதுவும் இல்லாதோரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதனை செய்துகொள்வது நன்று. மருத்துவரிடம் தாம் உட்கொள்ளும் மருந்துகளையும், நீரிழிவு, இதய வால்வு அறுவை போன்றவற்றையும் மறைக்காமல் கூற வேண்டும். மருத்துவர் அளவுகோல் பொறித்த மெல்லிய கம்பியால் பள்ளங்களின் ஆழத்தை அளப்பார். 'எத்தனை மில்லிமீட்டர்?' என்று கேட்டறிவது நோயாளியின் உரிமை. இரத்த அழுத்தத்தின் அளவை நினைவில் வைத்திருப்பது போல இதனையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பொருளாதார நோக்கில்

எந்திரத்தைப் பராமரிக்கும் செலவு, புதியது வாங்கும் செலவினும் குறைவு என்பது தொழிற்சாலைக் கணக்கர் அனைவரும் அறிந்தது. பல்லுக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஒரே வேறுபாடு, இங்கு மாற்று எந்திரம் மூலத்துக்கு ஈடாவதில்லை. ஒரு பிரஷின் விலையையும், காரை நீக்கும் கட்டணத்தையும், ஒரு செயற்கைப் பல்லின் செலவையும் அருகருகே எழுதிப் பார்த்தால், ஒவ்வொரு படியிலும் செலவு பன்மடங்கு உயர்வதை எவரும் காணலாம். தினக்கூலித் தொழிலாளியைப் பொறுத்தவரை, இழந்த நாளின் கூலியையும் நகருக்குச் சென்றுவரும் செலவையும் இத்துடன் சேர்க்க வேண்டும். இக்காரணத்தால்தான் அவர் வலி வந்தபின்பே வருகிறார்; வந்தபின், பல்லைக் காக்கும் சிகிச்சையை விடுத்துப் பிடுங்கும் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கிறார். அவர் நிலையில் அது அறிவற்ற முடிவன்று. வலியே அவரை மருத்துவரிடம் அனுப்பும் ஒரே தூதுவனாக இருக்கும் வரை, வேறு முடிவை எதிர்பார்ப்பதற்கில்லை.

நாட்டின் முதற் பல் மருத்துவக் கல்லூரி கல்கத்தாவில் 1920-இல் தோன்றியது. பல் மருத்துவர் சட்டம் 1948-இல் நிறைவேறியது. அதன்பின் கல்லூரிகளும் மருத்துவர்களும் பெருகினர். ஆனால், பெரும்பாலோர் நகரங்களிலேயே தங்கினர். தேசிய வாய்நலத் திட்டம் 2014-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ், ஆரம்ப நிலையில் அளிக்கப்பட வேண்டிய பணிகளுள் அடிப்படை வாய்நலமும் சேர்க்கப்பட்டுள்ளது. திட்டம் ஏட்டில் உள்ளது. அது வீட்டுத் திண்ணையை எட்டுவதற்குப் பெரும் முதலீட்டை எதிர்நோக்கியிருக்க வேண்டியதில்லை. வீடுதோறும் செல்லும் ஆஷா பணியாளரும், அங்கன்வாடி ஊழியரும், பள்ளி ஆசிரியரும் ஒரே ஒரு வினாவைத் தவறாமல் கேட்டாலே போதும்: "பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா?" ஆம் என்போர்க்குத் துலக்கும் முறையைக் காட்டி, இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். அப்போதும் ஆம் என்போரை அருகிலுள்ள பல் மருத்துவப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து வாங்க வருவோரிடமும் இவ்வினாவைக் கேட்கலாம். இதற்குத் தனிக் கருவியோ, தனிக் கட்டடமோ தேவையில்லை. ஆனால், அனுப்பப்படுவோரை ஏற்றுச் சிகிச்சை அளிக்க, மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் மருத்துவரும் காரை நீக்கும் கருவியும் இருத்தல் வேண்டும். வினாவை மட்டும் எழுப்பிவிட்டு விடையளிக்காதிருப்பது மக்களின் நம்பிக்கையைக் குலைக்கும்.

முடிவாக

ஈற்றில் வரும் இரத்தம் உடல் அனுப்பும் முதல் அறிவிப்பு. அலுவலகத்தில் முதல் நினைவூட்டுக் கடிதத்துக்குப் பதிலளிப்பவர்க்கு ஒரு வரி போதும். கடைசிக் கடிதம் வரை காத்திருப்பவர் ஒரு கோப்பையே நிரப்ப நேரிடும். இக்கட்டுரையாசிரியர் தம் முதல் கடிதத்துக்குப் பதினோர் ஆண்டுகள் பதில் அளிக்கவில்லை. எஞ்சிய பற்கள் இன்று நிலைத்திருக்கின்றன. பள்ளங்களின் ஆழம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அளக்கப்படுகிறது. இழந்த நான்கும் மீளா. இதனைப் படிக்கும் மாணவர்கள், நாளைக் காலை பல் துலக்கும்போது கொப்புளித்த நீரின் நிறத்தைச் சற்றே கவனிப்பார்களாக. அது சிவந்திருந்தால், நாள்காட்டியில் அன்றைய தேதியைக் குறித்து, அதிலிருந்து பதினான்கு நாள்களை எண்ணத் தொடங்குவார்களாக.